வாசகர் கேள்வி: இனப்படுகொலையை வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ருவாண்டா இனப்படுகொலையைப் பற்றிப் பாடம் எடுக்க விரும்புகிறேன். கொலைகளை விவரித்தால் சிலர் மிரள்கிறார்கள். சிலருக்கு அது பரபரப்பான கதையாகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? பயங்கரவாதத்தையும் இதனுடன் சேர்த்துச் சொல்லலாமா?
— ஒரு வரலாற்று ஆசிரியை

பதில்: 1994 ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டதிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அங்கிருந்து தொடங்கினால், பழைய பகை ஒரே இரவில் வெடித்தது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் படிந்துவிடும், அது உண்மையன்று. 1930-களில் பெல்ஜிய ஆட்சி வழங்கிய அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி, துவா என்ற பிரிவு குறிக்கப்பட்டது. ஒரே மொழி பேசி, பக்கத்து வீடுகளில் வாழ்ந்து, தமக்குள் மணவுறவும் கொண்டிருந்த மக்களிடையே அதுவரை ஓரளவு நெகிழ்வாக இருந்த வேறுபாடு, அதன்பின் பிறப்போடு ஒட்டிய முத்திரையாயிற்று. 1962-இல் விடுதலை கிடைத்த பின்னரும் அட்டை நீடித்தது; பள்ளிகளில் ஆசிரியர்களே இனத்தைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்தார்கள். இந்த இடத்தில் உங்கள் மாணவர்களை நிறுத்தி யோசிக்க வையுங்கள், ஏனெனில் 1994-இல் சாலைத் தடுப்புகளில் பலருடைய உயிரைப் பறித்தது அதே அட்டைதான்.

அடுத்து, 1990-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரையும், அதிகாரத்தைப் பங்கிட மறுத்த ஹூட்டு தீவிரவாதிகளையும், 1993 முதல் டுட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று இழித்துரைத்த ஆர்.டி.எல்.எம். வானொலியையும் விளக்குங்கள். ஏறத்தாழ 100 நாள்களில், ஐ.நா. மதிப்பீட்டின்படி, சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சிகள், கொல்லப்பட்டார்கள். அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி டலேர் ஜனவரியிலேயே எச்சரித்திருந்தும், படுகொலை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை அந்தப் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. இதற்கு எந்தச் சமாதானமும் போதாது என்றே நான் கருதுகிறேன்.

விளைவுகளில் அகதிகளின் துயரையும் காங்கோவுக்குப் பரவிய போரையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால், 1998-இல் முன்னாள் மேயர் அகயேசு வழக்கில், வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று, தான்சானியாவின் அரூஷாவில் இயங்கிய ருவாண்டாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயம் கூறியதை விட்டுவிடாதீர்கள்.

பயங்கரவாதத்தைச் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கமே இனப்படுகொலையின் அடையாளம் என்கிறது ஐ.நா.வின் 1948 இனப்படுகொலை உடன்படிக்கை. பயங்கரவாதத்துக்கோ உலக நாடுகள் யாவும் ஏற்ற வரையறை இன்னும் இல்லை; அரசியல் நோக்கத்துக்காகப் பொதுமக்களை அச்சுறுத்தும் வன்முறை என்று பொதுவாகச் சொல்லலாம். இரண்டும் சந்திக்கும் இடமாக ருவாண்டாவின் நியாங்கே பள்ளியைக் காட்டுங்கள். 1997 மார்ச்சில் ஆயுதமேந்திய கும்பல் அங்கே புகுந்து, ஹூட்டு, டுட்சி எனப் பிரிந்து நிற்கும்படி மாணவர்களை மிரட்டியது. அவர்கள் மறுத்தார்கள், அதற்காகச் சிலர் கொல்லப்பட்டார்கள். உங்கள் மாணவர்களின் வயதையொத்தவர்கள் அவர்கள்.

உடல்களின் படங்களைக் காட்ட வேண்டாம். கொன்றவராகவோ கொல்லப்பட்டவராகவோ யாரையும் நடிக்க வைக்கவும் வேண்டாம். குறைந்தது நான்கு பாடவேளைகள் ஒதுக்கி, அவற்றில் முதல் இரண்டையும் 1994-க்கு முந்தைய ஆண்டுகளுக்கே கொடுங்கள்.