9 லட்சத்துக்கு ஒரு சமூகவியல்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.ஏ. சமூகவியல்தான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு மூன்று ஆண்டுக்கு 9 லட்சம், முழுவதும் கல்விக்கடன்தான். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று அங்குள்ள ஆலோசகர் சொன்னார். 'சமூகவியல் படித்து என்ன சம்பாதிப்பாள்? பி.காம். சேர்த்துவிடு' என்கிறார் அவளுடைய தாய்மாமன். கடன் வாங்கலாமா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: இதே 9 லட்சத்துக்குப் பொறியியல் சீட்டு கிடைத்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்களா? நேரே வங்கிக்குப் போயிருப்பீர்கள். தாய்மாமனும் கூடவே வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். சரி, அதை விடுங்கள்.

முதலில் கணக்கு. வங்கி ஆண்டுக்கு 3 லட்சமாகக் கொடுக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டும், அதற்கப்புறம் ஓர் ஆண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்காது. முதல் 3 லட்சத்துக்கு நான்கு ஆண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு என்று தனிவட்டி மட்டுமே 2 லட்சத்து 70 ஆயிரம் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 11 லட்சத்து 70 ஆயிரம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 15,500 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு இழுத்தால் சுமார் 12,600. மாதம் மூவாயிரம் குறைகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். முடிக்கும்போது 22 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

வெறும் பி.ஏ.வோடு வெளியே வரும் 21 வயதுப் பெண்ணுக்குத் தொண்டு நிறுவனத்திலோ, கணக்கெடுப்பு வேலையிலோ 20,000 கிடைத்தால் நல்ல தொடக்கம் என்பேன். அதில் 15,500 போனால் மிச்சம் 4,500. சென்னையில் விடுதி வாடகைக்கே காணாது. ஆக, தவணை கட்டப்போவது நீங்கள்தான். கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். அதோடு, 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். அதாவது வீட்டுப் பத்திரம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆலோசகர் சொன்ன வரிச்சலுகை? அது உண்மைதான். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, எட்டு ஆண்டு வரை. மாதம் 20,000 வாங்குகிறவளுக்கு வரியே கிடையாது, எதிலிருந்து கழிப்பது? தவணை கட்டும் நீங்கள் பழைய முறையில் வரி செலுத்துபவராக இருந்தால்தான் அதற்குப் பொருள்.

ஆகவே இந்தக் கடன் வேண்டாம். ஆனால் தாய்மாமன் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த பி.காம். பையனுக்கு உங்கள் ஊர் ஜவுளி ஏற்றுமதி கம்பெனிகளில் முதல் சம்பளம் என்ன என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். அவர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

சமூகவியலில் சம்பளம் அசைவது முதுகலைக்குப் பிறகுதான். களத்தில் ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) அல்லது எம்.ஏ. கேட்கிறார்கள். கடன் வாங்கும் தெம்பை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். அப்போதும் பெரிதாகத் தேவைப்படாது. புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஜே.என்.யூ., சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1959-இல் சமூகவியல் துறையைத் தொடங்கிய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகியவற்றில் கட்டணம், பெங்களூர்க்காரர்கள் கேட்பதோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. நுழைவுத்தேர்வில் தேற வேண்டும், அவ்வளவே. பிறகு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதியை வாங்கிவிட்டால், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 உதவித்தொகை. கடினம்தான், ஆனால் அதற்கு வீட்டுப் பத்திரம் வேண்டாம். குரூப் 2, யு.பி.எஸ்.சி. எல்லாம் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், அதை எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்காது. யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடங்களில் சமூகவியலும் உண்டு, 500 மதிப்பெண்.

இளங்கலையை எங்கே படிப்பது? அரசு கல்லூரியிலோ, உதவிபெறும் கல்லூரியிலோ. சமூகவியல் எல்லா ஊரிலும் இருக்காது, தேட வேண்டும். கிடைக்காவிட்டால் வரலாறு சேருங்கள். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. நம் மாநில மேல்நிலைப் பாடத்திட்டத்தில் சமூகவியல் என்ற பாடமே கிடையாது; அதனால் சமூகவியல் பட்டதாரிக்கு நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை எட்டாது. வரலாறு படித்தவளுக்கு அந்த வாய்ப்பும் இருக்கும், எம்.ஏ.வில் சமூகவியலுக்கும் மாறிக்கொள்ளலாம். நான் குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் சில, எந்தப் பட்டமானாலும் ஏற்கின்றன. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி பி.ஏ. சமூகவியலும் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்று சொல்லியிருந்தால், பி.ஏ. சமூகவியல் மாணவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். என்ன வருகிறது என்று பார்ப்போம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தாய்மாமன் சொன்னது, ஆலோசகர் சொன்னது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. மகள் ஏன் சமூகவியல் கேட்கிறாள் என்பது இல்லை. பெங்களூர் வளாகத்தின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டாளா, ஊரில் எதையோ பார்த்துக் கேள்வி பிறந்ததா? அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.