சட்டம் கேளுங்கள்: ஓடைத் தண்ணீருக்குப் பட்டா இல்லை

கேள்வி: வக்கீல் அம்மா, உடுமலைப்பேட்டை பக்கம் ஓடைக்கரையில் எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர் இருக்கிறது. மேல்பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் பங்காளி, ஓடையின் குறுக்கே மண் மூட்டை அடுக்கித் தண்ணீரை மறித்துவிட்டார். மோட்டார் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் தென்னந்தோப்புக்குக் கொண்டு போகிறார். கேட்டால், “ஓடை என் பட்டாவுக்குள்ளதானே ஓடுது?” என்கிறார். எங்கள் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. எனக்கு உரிமையே கிடையாதா?

பதில்: உண்டு. பட்டா நிலத்துக்குத்தான், ஓடும் தண்ணீருக்கு அல்ல. 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் (அனுபவ உரிமை) சட்டத்தின் 7-ஆவது பிரிவைப் பாருங்கள். இயற்கையான தடத்தில் ஓடும் நீர், அளவிலும் திசையிலும் வேகத்திலும் பெரிய மாற்றமில்லாமல் உங்கள் நிலத்துக்கு வந்து சேர வேண்டும். அது நீங்கள் யாரிடமும் கெஞ்சி வாங்குவதல்ல, கரையில் நிலம் இருப்பதாலேயே வருவது. குடிக்க, வீட்டுக்குப் புழங்க, ஆடுமாட்டுக்குக் காட்ட நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பாசனத்துக்கும் எடுக்கலாம், மற்ற கரைக்காரர்களுக்குப் பெரிய பாதிப்பு வராத வரைக்கும்.

இதே உரிமை உங்கள் பங்காளிக்கும் உண்டு. ஆனால் சட்டம் சொல்வது ஓடையை ஒட்டிய ‘அந்த நிலத்தின்’ பாசனம். ரோட்டுக்கு அப்பால் இருக்கும் தோப்பு ஓடையை ஒட்டியது இல்லை என்றால் அவர் வாதம் அங்கேயே நொண்டுகிறது. தோப்பின் சர்வே எண்ணை முதலில் குறித்து வையுங்கள்.

அடுத்து, எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடமும், எந்த நிலம் பட்டா, எது புறம்போக்கு என்று காட்டும் கிராமத்து ‘அ’ பதிவேட்டு நகலும் எடுங்கள். மூட்டை அடுக்கிய இடம் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அது அரசு சொத்து, தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். பட்டாவுக்குள்ளேயே ஓடினாலும் பரவாயில்லை, மறிக்கும் உரிமை அவருக்கு வராது. மாவட்ட முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவும், மூட்டைகளை அகற்றச் செய்யும் உத்தரவும் கேட்டு வழக்குப் போடலாம். கூடவே, இடத்தை நேரில் பார்த்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தரும் வக்கீல் கமிஷனரை அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள், அதுவும் தண்ணீர் குறைந்திருக்கும் கோடையில். ஐப்பசி மழையில் கமிஷனர் வந்து நின்றால் இரண்டு பக்கமும் வெள்ளம்தான் தெரியும்!

விவசாயத் தண்ணீரைக் குறைக்கும் சேதம் குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதா எனும் குற்றவியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனாலும் பங்காளி மேல் போலீஸுக்குப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ராத்திரியில் போய் மூட்டையை வெட்டிவிடும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அப்புறம் எஃப்ஐஆர் உங்கள் பேரில் இருக்கும்.

ஒரு விஷயம்: இது இயற்கை ஓடையாக இருந்தால்தான். அணையிலிருந்து வரும் வாய்க்கால் என்றால் கதை வேறு. அங்கே தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் அரசின் கையில்.

கேள்வி: ஆறு ஒதுங்கியதில் எங்கள் தோட்டத்தை ஒட்டி அரை ஏக்கர் படுகை சேர்ந்தது. வாழை போட்டிருக்கிறோம். வருஷா வருஷம் பி மெமோ அபராதமும் கட்டுகிறோம், ரசீது எல்லாம் இருக்கிறது. பட்டா கிடைக்குமா?

பதில்: அந்த ரசீதுக் கட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பி மெமோ என்பது நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்று வருவாய்த் துறை எழுதிக் கொடுத்த சீட்டு. அது உங்களுக்குச் சாட்சி அல்ல, அரசுக்குச் சாட்சி. ஆற்றின் படுகை அரசுடையது. மண் கண்ணுக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கரைக்காரருக்கு என்ற பழைய சட்ட நெறி ஒன்று உண்டுதான். ஆனால் ஒரே வெள்ளத்தில் ஆறு விலகியிருந்தால் அது பொருந்தாது. நீர்நிலைப் புறம்போக்கை வரன்முறை செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றமும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. வாழைத்தாரை வெட்டிக்கொள்ளுங்கள், அங்கே வீடு மட்டும் கட்டாதீர்கள்.

கேள்வி: வெள்ளம் என் பட்டா வயலில் கொண்டுவந்து போட்ட மணலை விற்கலாமா?

பதில்: கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் லோடுகூட வெளியே போகக் கூடாது. 1957-ஆம் வருடக் கனிமச் சட்டத்தில் வண்டியையே பறிமுதல் செய்ய வழி இருக்கிறது.