ஓடைபாவுக்குப் போகிறீர்களா? முதலில் அந்தப் பழைய பட்டியலைக் கிழியுங்கள்

கேள்வி: ஏப்ரலில் டோக்கியோ போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், 68 வயது மாமியார். மகனுக்கு அங்கே கடலில் இருக்கும் செயற்கைத் தீவான ஓடைபாவைப் பார்த்தே ஆகவேண்டுமாம். சில வருடங்களுக்கு முன் போய்வந்த தோழி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: ராட்சத ராட்டினம், டீம்லேப் ஒளிக்காட்சி, அசிமோ ரோபோ, வெந்நீர்க் குளியல் கூடம். ஒரே நாளில் முடியுமா? எப்படிப் போவது? நாங்கள் சைவம்.

பதில்: முடியாதம்மா. நேரம் போதாது என்பதால் இல்லை, அந்த நாலில் ஒன்றுகூட இப்போது அங்கே கிடையாது.

குளியல் கூடத்தை 2021 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அசிமோ 2022 மார்ச்சில் ஓய்வுபெற்றது. ராட்டினமும் டீம்லேபும் ஒரே வளாகத்தில் இருந்தவை, இரண்டும் 2022 ஆகஸ்ட் கடைசியோடு சரி. டீம்லேப் 2024 பிப்ரவரியில் நகரத்துக்குள் அசபுதாய் ஹில்ஸில் மறுபடி திறந்தது. ‘டீம்லேப் பிளானட்ஸ்’ என்று தோயோசுவில் இருப்பது வேறு. டிக்கெட் எடுக்கும்போது எது எங்கே என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். மாற்றி எடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய.

ஓடைபாவின் சுபாவமே இதுதான். கறுப்புக் கப்பல்களோடு அமெரிக்கத் தளபதி பெர்ரி 1853ல் வந்து மிரட்டியபோது, அவசர அவசரமாகக் கடலில் மண் கொட்டி எழுப்பிய பீரங்கி மேடைகளிலிருந்து வந்த பெயர் இது. ‘டைபா’ என்றால் பீரங்கி மேடை, முன்னால் உள்ள ‘ஓ’ மரியாதைக்கு. பின்னால் இந்தப் பகுதியை எதிர்கால நகரமாக்கி 1996ல் பெரிய உலகக் கண்காட்சி நடத்தத் திட்டம் போட்டார்கள். 1995ல் புதிதாக ஜெயித்து வந்த ஆளுநர் அதை ரத்து செய்துவிட்டார். ஆக, அன்றைக்கு நினைத்த எதிர்காலம் வரவேயில்லை. வந்ததெல்லாம் கடைகளும் கேளிக்கைகளும், அதுவும் வருவதும் போவதுமாக. டைவர்சிட்டி என்ற கடைவளாகத்தின் வாசலில் நிற்கும், கார்ட்டூன் தொடரில் வரும் கன்டாம் ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012ல் வைத்த 18 மீட்டர் சிலையை 2017ல் கழற்றிவிட்டு, 19.7 மீட்டரில் யூனிகார்ன் கன்டாமை நிறுத்தினார்கள். அதுவும் நிரந்தரமில்லை. விமானம் ஏறும் வாரத்தில் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டே மகனிடம் வாக்குக் கொடுங்கள்.

பின்னே எதற்குப் போவது என்று கேட்டால், எனக்கு அந்த ரயிலும் சாயங்காலமும் போதும்.

ஓடைபாவுக்குப் போகும் யுரிகாமோமே என்பது ஓட்டுநர் இல்லாத ரயில். ரப்பர் டயரில், தெருவுக்கு மேலே ஓடும். ஓட்டுநர் இல்லாததால் முன்கண்ணாடியை ஒட்டியே பயணிகளுக்கு இருக்கை. அது வேண்டுமென்றால் முதல் நிலையமான ஷிம்பாஷியில்தான் ஏறவேண்டும். ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் முதலாக நில்லுங்கள், சில நிமிடங்களில் வந்துவிடும். மகனையும் மாமியாரையும் முன்னால் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவரும் பின்னால் இருந்துகொள்ளலாம். ஓடைபாவை நகரத்தோடு இணைக்கும் ரெயின்போ பாலத்துக்கு முன்னால் உயரம் ஏறுவதற்காக ரயில் ஒரு பெரிய வட்டம் அடிக்கும். பாலம் இடப்பக்கம் தெரியும், காணாமல் போகும், திடீரென்று நேர் எதிரே வந்து நிற்கும். பையன் அதற்கப்புறம் ரோபோவைப் பற்றிப் பேசினால் ஆச்சரியம்தான்.

ஜப்பான் ரயில்வேயின் ஜேஆர் பாஸ் வைத்திருந்தாலும் இந்த ரயிலில் செல்லாது. முன்பணம் போட்டு வைக்கும் சுய்கா அட்டையைத் தட்டிவிட்டுப் போங்கள்.

காலையிலேயே கிளம்பாதீர்கள். மதியம் ஒரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தால் போதும். முதலில் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகம். கூரையிலிருந்து தொங்கும் பூமி உருண்டையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளித்தகடுகளில் மேகம் நகர்ந்துகொண்டிருக்கும். கீழே சாய்ந்து படுத்துப் பார்க்க இருக்கைகள் உண்டு, மாமியாருக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தீவில் இல்லை. செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் விடுமுறை, மாலை ஐந்துக்கு மூடிவிடும். நாலே காலுக்கு வெளியே வந்து மெல்ல நடந்தால், ஐந்து மணிக்கு ரோபோ கொம்பு விரித்து உருமாறுவதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து கடற்கரை. ஏப்ரலில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும். பாலம், அதற்குப் பின்னால் நகரம், சிவப்பாக டோக்கியோ கோபுரம், முன்னால் ஒரு குட்டி சுதந்திர தேவி சிலை. ஆமாம், அங்கேயும் ஒன்று இருக்கிறது. பாரிஸிலிருந்து ஒரு சிலையை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள், அது திரும்பிப் போனதும் மனசு கேட்காமல் 2000ல் நகல் செய்து வைத்துவிட்டார்கள். மணலில் விளையாடலாம், குளிக்க அனுமதியில்லை. காற்று நன்றாக அடிக்கும், மாமியாருக்கு ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு மஃப்ளரும் அவசியம். பாலத்தின் மேல் நடந்துபோக வழி உண்டு. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், லாரி இரைச்சலோடு. உங்கள் குழுவுக்கு வேண்டாம்.

சாப்பாடுதான் சிக்கல். நாம் மாசிக் கருவாடு என்கிறோமே, அதே சூரை மீனைக் காயவைத்துச் சீவிப் போட்டுத்தான் அவர்களுடைய பெரும்பாலான சாறுகளுக்கு ருசி. “மீன் வேண்டாம்” என்று சொன்னால் மீன் துண்டு வராது, சாறு அப்படியே வரும். காய்கறி போட்ட நூடுல்ஸும் இதே கதைதான். தங்குமிடத்தில் ஒரு மின்குக்கர் இருந்தால் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்றை ஊரிலிருந்து கொண்டுபோய், புளியோதரை கிளறிக் கட்டிக்கொள்ளுங்கள். கடற்கரைப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். குப்பைத்தொட்டி தேடினால் லேசில் கிடைக்காது, கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் வையுங்கள்.

திரும்பும்போது டைபா நிலையத்தில் பலகையில் ஷிம்பாஷி என்று பார்த்து ஏறுங்கள். எதிர்ப்பக்கம் வரும் ரயில் தோயோசு போய்விடும், பாலத்தை விளக்கொளியில் தாண்டும் பயணம் கிடைக்காது.