மருத்துவராக இருந்து 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சட்டமன்றத்துக்குப் போனவர் யாராவது உண்டா?

சார்ல்ஸ் ராபின்சனைச் சொல்லலாம். கான்சாஸின் முதல் ஆளுநர் என்றுதான் பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடச் சுவையானது அதற்கு முந்தைய கலிஃபோர்னியாக் கதை. அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது வைத்தியம் அல்ல, நிலத் தகராறு.

1818-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், பெர்க்‌ஷயர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1849-இல் தங்கம் தேடி பாஸ்டனிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டத்துக்கு வைத்தியராகப் போனார். அந்த வருஷம் மேற்கே போகும் வழியெல்லாம் காலரா. சாக்ரமெண்டோ போய்ச் சேர்ந்ததும் சாப்பாட்டுக் கடை போட்டார்.

அங்கே ஜான் சட்டர் என்பவருக்கு 1841-இல் கலிஃபோர்னியா மெக்சிகோவின் கையில் இருந்த காலத்து ஆளுநர் கொடுத்த பட்டா இருந்தது: 11 சதுர லீக், ஏறக்குறைய 48,800 ஏக்கர். பட்டாவுக்குரிய வரைபடத்தில் தெற்கெல்லை 38 பாகை 41 நிமிடம் 32 விநாடி. நகரமோ 38 பாகை 35 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. காகிதத்தை அப்படியே படித்தால் ஊரே பட்டாவுக்கு வெளியே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே! சட்டரிடம் மனை வாங்கியவர்கள் அதை அளவுப்பிழை என்றார்கள். குடிசை போட்டவர்களுக்கு அது புறம்போக்கு. அவர்களுக்குத் தலைவரானார் ராபின்சன். (பின்னாளில் உச்ச நீதிமன்றம் சட்டரின் 11 லீக்கை ஒப்புக்கொண்டது.)

குடிசைகளைக் காலி செய்யப் போக, 1850 ஆகஸ்ட் 14 அன்று தெருவில் துப்பாக்கிச் சண்டை. மேயருக்குக் காயம், நகர வரி மதிப்பீட்டாளர் பலி, ராபின்சன் உடம்பிலும் குண்டு. சிறைக்குக் கட்டடம் இல்லாத ஊர். ஆற்றில் நின்ற கப்பலில்தான் அடைத்தார்கள். உள்ளே இருக்கும்போதே குடியேறிகள் ஓட்டுப்போட்டு அவரைச் சட்டமன்ற உறுப்பினராக்கினார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது.

1854-இல் அடிமைமுறையை எதிர்க்கும் குடியேற்றக் கம்பெனியின் முகவராகக் கான்சாஸ் போனார். 1856-இல் தேசத்துரோக வழக்கில் நாலு மாதம் காவல். 1861-இல் ஆளுநர்.

அடுத்த வருஷமே பதவிநீக்க விசாரணை. காரணம் மாநிலக் கடன் பத்திரங்கள். 100 டாலர் பத்திரத்தை 70-க்குக் கீழே விற்கக் கூடாது என்பது சட்டம். பத்திரங்களை விற்க மாநிலம் அமர்த்திய முகவர் மத்திய அரசின் உள்துறைக்கு 85-க்கு விற்றார். அதில் மாநிலத்துக்குக் கிடைக்கவிருந்தது 60 மட்டுமே. இதில் மாநிலச் செயலாளரும் தணிக்கையாளரும் பதவி இழந்தார்கள், ராபின்சன் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் கட்சி அவரை மறுபடி ஆளுநர் தேர்தலில் நிறுத்தவில்லை. 1870-களில் கான்சாஸ் மேலவை உறுப்பினராகத்தான் திரும்பி வந்தார்.