பிளேன் எத்தன மணித்தியாலம்? இந்தக் கிழமை வந்த கேள்விகள்

கொழும்பு – லண்டன் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? (களுவாஞ்சிகுடி)

8,700 கிலோமீற்றர் போல. நேரடி பிளேன் எண்டா 11 மணித்தியாலம். வரக்குள்ள கொஞ்சம் குறையும், மேல மேற்கால இருந்து அடிக்கிற காத்து பின்னால தள்ளிக்கொண்டு வரும்.

மகன் கட்டார் போறார். காலம 4 மணிக்கு ஏறி 6.30க்கு டோஹால இறங்குறாராம். ரெண்டரை மணித்தியாலம் தானா? (கல்முனை)

இல்ல. டிக்கட்ல போடுறது அந்தந்த ஊர் நேரம், எத்தின தரம் எழுதிட்டன். டோஹா நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. மகன் இறங்கக்குள்ள இங்க 9 மணி, அப்ப பறந்தது 5 மணித்தியாலம்.

பிளேன்ல போக எவ்வளவு நேரம் எடுக்கும்? (ஊர் எழுதல்ல)

எங்க இருந்து எங்க?

டிக்கட்ல 12ம் திகதி 1.15 ஏ.எம் எண்டு இரிக்கி. 12ம் திகதி பகல் மட்டக்களப்புல இருந்து வெளிக்கிட வேனுக்கு சொல்லிட்டம். சரிதானே? (வாழைச்சேனை)

வேன்காரருக்கு இப்பவே கோல் எடுங்க! நீங்க வெளிக்கிடுற நேரம் பிளேன் போய் அரை நாளாகிரும். ராத்திரி 12 தாண்டினா திகதி மாறிரும், அதால 11ம் திகதி ராவு 10 மணிக்கு நீங்க கட்டுநாயக்கா எயார்போட்ல லைன்ல நிக்கணும். மட்டக்களப்புல இருந்து ரோட்டால 300 கிலோமீற்றர் போல, 7 மணித்தியாலம் வைங்க, வழில சாப்பாடு, டயர் காத்துப் போறது, கொழும்புப் பக்கத்து ட்ராபிக் எல்லாம் சேத்தா 11ம் திகதி பகல் 1 மணிக்கே வெளிக்கிடுறதுதான் புத்தி. ஒவ்வொரு கிழமையும் இதுல ஒராள் மாட்டுறாங்க, வீடே சேந்து அழுது வழியனுப்ப வந்து திரும்பிப் போற சனத்தப் பாத்திரிக்கன். போற பிளேன விட்டா அதே டிக்கட்ல இரிக்கிற ரிட்டனும் பெரும்பாலும் கேன்சலாகிரும், அது தெரியாம மறுகா வந்து சண்ட பிடிக்கிறாங்க. திகதியப் பாருங்க, ஏ.எம்மா பி.எம்மா எண்டு பாருங்க, வீட்டுல இன்னொராளுக்கும் காட்டுங்க.

கனடா டொரண்டோக்கு எத்தின மணித்தியாலம்? மெப்ல கோடு ஏன் வடக்கால வளஞ்சு போகுது? (அக்கரைப்பற்று)

14,000 கிலோமீற்றர், நேரடி பிளேன் இல்ல. ட்ரான்சிட்டோட 20ல இருந்து 24 வரும், மலிவு டிக்கட் எண்டா இன்னும் கூட. கோடு வளயல்ல, மெப்தான் தட்ட. ஒரு தோடம்பழத்துல நூலப் புடிச்சுப் பாருங்க, அதுதான் கிட்டின வழி. ரெண்டு டிக்கட்டாப் பிரிச்சு எடுக்கிற எண்ணம் இருந்தா விடுங்க, முதல் பிளேன் பிந்தினா ரெண்டாவதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல.

மெல்பேர்ண் லண்டன விடக் கிட்டயா? (ஆரையம்பதி)

கொஞ்சம். 8,400 போல, பத்தரை மணித்தியாலம். டிக்கட்டப் பாத்தா 15 போலத் தெரியும், பயப்பட வேணாம், மேல சொன்ன கட்டார் கதைதான், கிழக்கால போனா கூட்டிக் காட்டும்.