கோத்தகிரி கோதுமை: நுனி காய்ந்த செடியைப் பிடுங்கலாமா?

அண்ணா, துரு நோய் (இலையில் பழுப்புப் பொடியா படியிற பூஞ்சை நோய்) வந்த கோதுமை வயலில் சில செடிகளுக்கு இலை நுனி மட்டும் காயுது, பிடுங்கிடவான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெய்து பிடுங்காதீங்க! கதிருக்குக் கீழே இருக்கிற கடைசி இலையை விரலால் தேய்ச்சுப் பாருங்க. பக்கத்துச் செடியில் பழுப்புப் பொடி அப்பி, நுனி காய்ஞ்ச செடியில் குறைவா ஒட்டினா, அதில் எல்ஆர்34 (Lr34) என்கிற துரு எதிர்ப்பு மரபணு இருக்கலாம். நுனி காய்றது அதோட அடையாளம்.

துரு எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை என்எல்ஆர் (NLR) குடும்பம், அதாவது செல்லுக்குள்ள காவல் காக்கிற புரதங்களை உண்டாக்கிறவை. இவை பூஞ்சையோட ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்லையே சாகடிச்சுத் தடுக்கும். பூஞ்சை அந்தப் புரதத்தை மாத்திக்கிட்டா காவல் போச்சு. எல்ஆர்34 வேற வகை: ஏபிசி கடத்திக் (செல் சவ்வு வழியா பொருட்களைக் கடத்துற புரதம்) குடும்பம். துருவை நிறுத்தாது, மெதுவாக்கும். அதனாலேயே பல பத்தாண்டா தாக்குப்பிடிக்குது.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி காய்ஞ்சா தண்ணீர், சாம்பல் சத்தைக் கவனிங்க. குன்னூர் பக்கத்து வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்துல இலையைக் காட்டுங்க. துரு குறைவா இருந்த செடியோட விதையைத் தனியா எடுத்து வையுங்க.