வடக்கு பார்த்த வீட்டுக்கு எப்போது வெயில் வரும்?

கேள்வி: புதுச்சேரி போய்ப் போனில் எடுத்த கட்டடப் படமெல்லாம் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். உச்சி வரை வரவேண்டும் என்று போனை அண்ணாந்து பிடிக்கிறோம், அதனால்தான் சுவர் மேலே போகப் போகக் குறுகிச் சாய்கிறது. லட்ச ரூபாய் கேமராவை அண்ணாந்து பிடித்தாலும் இதேதான் நடக்கும். போனைச் சுவர் மாதிரியே செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். செட்டிங்ஸில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு ஒரு தூணையோ கதவு நிலையையோ கோட்டோடு ஒட்டிப் பாருங்கள், விலகினால் கை சாய்ந்திருக்கிறது. உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் நகருங்கள். நகர இடமில்லாத தெரு என்றால், எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் வீட்டுப் படியில் ஏறி நின்று எடுங்கள், அல்லது போனை நெட்டுவாக்கில் நிமிர்த்தியே பிடித்து எடுத்துவிட்டு, கீழே வருகிற தார் ரோட்டை அப்புறம் வெட்டிவிடுங்கள். போன் கேமராவில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸ் கடைசி வழி, ஓரத்துத் தூண்களை அது இழுத்து அகலமாக்கிவிடும்.

கேள்வி: எந்த நேரத்தில் எடுத்தால் நன்றாக வரும்? சாயங்காலம் பீச் ரோட்டில் எடுத்தவை எல்லாம் இருட்டாக இருக்கின்றன.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பீச் ரோட்டுக் கட்டடங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன, அதாவது கிழக்கு. சாயங்காலம் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலையில் போங்கள். 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தின் மேல் உதயத்து வெளிச்சம் நேராக விழும், ஏழரை மணி வரை வண்டிகளும் வராது.

உள்ளே, கடலை நோக்கி ஓடும் தெருக்களில் கணக்கு வேறு. அங்கே வீடுகள் வடக்கு பார்த்தவை, தெற்கு பார்த்தவை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு பார்த்த வீடுகளுக்கு நாள் முழுக்க வெயில் உண்டு, வடக்கு பார்த்தவை நிழலிலேயே கிடக்கும். சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நம் ஊரில் உச்சிச் சூரியனே கொஞ்சம் வடக்கே இருக்கிறது. வடக்கு பார்த்த திண்ணையை எடுக்க அந்த மாதங்களின் காலையும் மாலையும்தான் நேரம். இது தெரியாமல் ஒரே தெருவுக்கு மூன்று டிசம்பர் போய் ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்று, மஞ்சள் சுவர் வெளுத்துப் போனால் சுவரின் மிக வெளிச்சமான இடத்தைத் திரையில் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: வீடுகளைப் படம் எடுத்தால் சிலர் கோபப்படுகிறார்களே?
– வாசகர், பண்ருட்டி

நியாயமான கோபம். அவர்கள் துணி காயப்போட்டுக் குடியிருக்கிற வீடு அது. "ஐயா, வீட்டு முகப்பு நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடலூரில் எடுக்க என்ன இருக்கிறது? செயின்ட் டேவிட் கோட்டையில் இடிந்த சுவர்தானே மிச்சம்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

அந்தச் சுவரைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746-இலிருந்து 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே அதுதான். பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை நிலம் என்று பேசி வாங்கினார்கள், அதனால்தான் குண்டு கிராமங்கள் என்ற பேச்சு வந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் தெரிகிற மாதிரி கிட்டே போய் ஒரு படம், ஆற்றையும் கடலையும் சேர்த்துத் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மிச்சம் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். புதுச்சேரி பீச் ரோட்டில் 1870-71-இல் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. அதைப் பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள், ஆனால் சாதாரண வீட்டுக்கு யார் அப்படிச் செய்வார்கள்? தமிழர் பகுதியில் தாழ்வாரமும் நாட்டு ஓடும் இருந்த ஒரு வீட்டில், மரத்தூணின் தலையில் செதுக்கியிருந்த வாழைப்பூ மட்டும் என்னிடம் படமாக இருக்கிறது. அழகாக விழுந்த படம்தான். ஆனால் வீட்டை முழுசாக எடுக்கவில்லை, தெருப் பெயர்ப் பலகையையும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் போனபோது அங்கே மூன்று மாடி நின்றது. அந்தத் தூண் எந்த இடத்தில் இருந்தது, பக்கத்தில் எத்தனை தூண், திண்ணை எவ்வளவு உயரம் என்று எதையும் இப்போது அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

அதனால் முதலில் நேர் எதிரே நின்று முழு முகப்பு, அப்புறம் கதவு, தூண், ஓடு, கடைசியில் தெருப் பலகை. வீட்டுக்கு வந்ததும் படத்தின் பெயரிலேயே தெருவையும் தேதியையும் எழுதிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை நம்பாமல் அசல் கோப்பை வேறு இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள்.